பெயர் சுரண்டிய இசைத்தட்டு

ஞாயிற்றுக்கிழமையில் மழை பெய்தால் எனக்குப் பிடிக்காது. துவைத்த துணி காயாது, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் படுதா போட வேண்டும், என் கணவர் பெலிசியானோ நாள் முழுக்க எரிந்து விழுவார். ஐயா, நீங்கள் கையால் எழுதுவதால் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

மெக்சிகோ நகரத்தில் நடனமாடுகிறவர்களுக்கு பெலிசியானோவைத் தெரியாமல் இருக்காது. பதினெட்டு வருடமாக ஞாயிறு பிற்பகல்களில் தெருவை அடைத்துப் பாட்டுப் போடுகிறார். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும் எங்கள் பகுதியில் அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்பது அவருடைய பெட்டிகள்தான். விளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்போம். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவோம். போட்டிக்காரர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். பெயரைப் படித்துவிட்டால் மறுவாரம் அவர்களும் அதே பாட்டைப் போடுவார்கள். சுரண்டுவது என் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஊற வைத்து, மொட்டைக் கத்தியால் எடுப்பேன். பெலிசியானோ பெயரையெல்லாம் பார்க்க மாட்டார், தாமாக ஒன்றைச் சூட்டிவிடுவார். ஆகவே எங்கள் தட்டுகளின் உண்மைப் பெயர்கள் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பாட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால், எண்பத்து நான்கில், ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது. கிட்டார் இல்லை, முரசு இல்லை, எல்லாமே சிந்தசைசர். தகர டப்பாவில் ஒரே சீராகச் சொட்டு விழுவது போலத் தொடங்கும். அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒருமுறை கேட்டால் மூன்று நாளைக்கு வாயை விட்டுப் போகாது. பீன்ஸில் கல் பொறுக்கும்போது என் விரல்கள் அந்தத் தாளத்தில்தான் ஓடும்.

வார்த்தைகள் கொஞ்சம்தான். மேசைமேல் சாவி இருக்கிறது, காபி சூடாக இருக்கிறது, நான் வரும்வரை கடிகாரத்தைத் தொடாதே. இதையே மூன்று தடவை பாடுவாள். நான் அதை நிறைய யோசித்திருக்கிறேன். அவள் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள். காபி ஆறுவதற்குள் வந்துவிடுவாள். தாமதமானால் கணவன் மணி பார்த்துச் சண்டை போடுவான் என்றுதான் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறாள். எனக்குத் தெளிவாகவே இருந்தது.

ஆனால் நடனத்தில் வார்த்தை யாருக்கும் கேட்காது. ஜனங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வாழ்த்துகளை பெலிசியானோ பாட்டின் மேலேயே மைக்கில் படிப்பார். “கால் உடைஞ்சு படுத்திருக்கிற ஹசிந்தோ மாமாவுக்கு இந்தப் பாட்டு. மாமா, ஒத்தக் காலாச்சும் ஆட்டுங்க. அத்தை பார்த்துக்கிட்டு இருக்காங்க.” கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் சாவியும் காபியும் அடிபட்டுப் போகும்.

வார்த்தையைக் கேட்க ஒரே ஒரு இடம் உண்டு. ஓரத்துப் பெட்டியில் முதுகைச் சாய்த்து நின்றால் மைக் சத்தம் குறைந்து பாட்டு மட்டும் வரும். அங்கேதான் மிரேயாவைப் பார்த்தேன். பத்தொன்பது வயது. சோள அடை சுடும் ஆலையில் வேலை, மணிக்கட்டில் எப்போதும் மாவு. உதடு அசைந்துகொண்டிருந்தது.

“காது போயிடும்டி பொண்ணே, தள்ளி நில்லு,” என்றேன்.

“போனாப் போகட்டும் அக்கா. உங்க வீட்டுக்காரர் கத்துறது கேக்காம இருந்தாச் சரி.”

சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் துணியில் சுற்றிய சூடான அடை கொண்டுவருவாள். நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை, அந்தப் பாட்டைத்தான் பேசினோம். அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதைக் கோடிட்டு எழுதுங்கள்.

ஜூன் மாதம் ஒருநாள், ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கடைக்குப் போனவளைப் பற்றிச் சொன்னேன்.

“கடைக்கா?” என்றாள் மிரேயா. “அக்கா, வீட்டுச் சாவிய மேசைமேல வெச்சுட்டுப் போறவ எப்படித் திரும்பி வருவா? அவ போயே போயிட்டா. அதான் பாட்டு இவ்ளோ குஷியா இருக்கு.”

இரண்டு வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

“ரெமெடியோஸ், அரட்டைக் கச்சேரி முடிஞ்சுதுன்னா அந்த ஒயரச் சுத்து. ரெண்டு கையும் எதுக்கு இருக்கு உனக்கு?” என்று பெலிசியானோ லாரியிலிருந்து கத்தினார். மிரேயா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாவுக் கையால் என் கையைத் தொட்டாள்.

“நீங்க ஒருநாளும் யோசிச்சதே இல்லையா அக்கா?”

நான் ஒயரைச் சுற்றினேன். அவளே பேச்சை மாற்றினாள். அவளுடைய பெரியம்மா மகள் வானொலி நிலையத்தில் வேலை செய்கிறாளாம். “முழுப் பாட்டையும் அவகிட்டப் பாடிக் காட்டப் போறேன். எப்படியாச்சும் பேரக் கண்டுபிடிச்சிடுவா. ஊரே கேக்கட்டும் அக்கா, ஒவ்வொரு வார்த்தையா.”

என் நிலையை நீங்கள் யோசிக்க வேண்டும். வானொலியில் வந்துவிட்டால் அது எங்கள் பாட்டு இல்லை. பதினெட்டு வருட உழைப்பு. அதைக் காப்பாற்றுவது ஒரு மனைவியின் கடமை. அந்த வாரம் முழுக்க நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரத்துப் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர் ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. பெட்டியின் இரும்புச் சட்டத்தில் அது உரசும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் டேப் சுற்றுவேன். பெட்டியின் முன்னால் லாரி டயரை வெட்டிய ரப்பர் விரிப்பும் போடுவேன். எங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி ஒரு தடவையாவது ஷாக் அடித்திருக்கிறது, அதனால் ரப்பரில் நின்றுதான் தொடுவோம்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு மழை பெய்து ஓய்ந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மிரேயா செருப்பு நனைந்துவிடும் என்று கழற்றி என்னிடம் கொடுத்தாள், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று நான் டேப் சுற்றவில்லை. விரிப்பை மடித்து லாரிக்கு அடியில் தள்ளியிருந்தேன். பிறகு அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன்.

அவள் பெட்டியில் சாய்ந்தபோது சத்தமே வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்காது. பெலிசியானோ சீட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வந்த உங்கள் போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதினார்கள். பெலிசியானோ மண்டியிட்டு அழுதார். அவள் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசிட்டு இருப்பா” என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இத்தனை மாதம் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். போன செவ்வாய்க்கிழமை வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. வேறு யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார், பாடியவளின் பெயரையும் சொன்னார். தெருவில் பிள்ளைகள்கூடச் சேர்ந்து பாடின. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சு வெடிக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெலிசியானோ தோளைக் குலுக்கி, “போகுது விடு, வேற தட்டுக்கா பஞ்சம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குக் குழப்பம் வந்தது. பெயருக்காக இல்லையென்றால் நான் எதற்காகச் செய்தேன். நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை. நிதானமாக யோசித்ததில் விடை கிடைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. பாட்டின் பொருளை அவள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாள். செருப்பை வாங்கும்போதுகூட, “அவ திரும்பி வருவாதானே?” என்று இன்னொரு முறை கேட்டேன். தலையை ஆட்டி, இல்லை என்று சிரித்தாள்.

மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் முழுதாகக் கொடுத்திருந்தேன்.