சுவரில் சாய்த்திருந்த இரண்டு பலகைகள்

நான் நைலான் காலுறை போடுவதில்லை, ஐயா. நம் சகெனே ஊர்க் குளிருக்குக் கம்பளிதான் சரி. முப்பது வருடம் கூட வாழ்ந்த என் கணவர் ரோசேருக்கும் அது தெரியும்.

இந்தப் பிப்ரவரியில் எங்கள் கூரை விளிம்பில் பனி உருகி, மறுபடி உறைந்து, முழங்கால் உயரத்துக்குக் கட்டியாக ஏறிவிட்டது. வழியில்லாத தண்ணீர் படுக்கையறைக்குள் சொட்டத் தொடங்கியது. எல்லோரும் செய்வதைத்தான் ரோசேரும் செய்தார். நீளமான காலுறைகளில் பனி கரைக்கும் உப்பை நிரப்பி, முடிச்சுப் போட்டு, கட்டியின் மேல் கிடத்தினார். உப்பு மெல்ல அரித்துத் தண்ணீருக்கு வழி விடும். மறுநாள் காலை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கறுப்பு நைலான் காலுறைகள், நல்ல மெல்லியவை.

எங்கள் தெருவில் அப்படிக் காலுறை போடுகிறவள் ஒருத்திதான். பக்கத்து வீட்டு லிஸெட். கணவனை இழந்தவள், வங்கியில் வேலை. ஜனவரி முழுக்க அவள் வீட்டுக் கூரைப் பனியையும் ரோசேர்தான் இழுத்துத் தள்ளினார்.

"உன் புருஷன எனக்கு வாடகைக்கு விடேன், ஜிசேல். உங்க வீட்டுல சும்மாதானே கெடக்கறாரு," என்று என்னிடமே சொன்னாள்.

"தாராளமா எடுத்துக்கோ. சோத்தையும் நீயே போட்டுடு," என்றேன். இருவரும் சிரித்தோம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது காலுறை ஏது என்று ரோசேரிடம் கேட்டேன். "எங்கயோ கெடைச்சுது, விடு," என்றார், தட்டிலிருந்து தலை தூக்காமல். காது மட்டும் சிவந்திருந்தது.

கூரைப் பனிக்கட்டி விழும் நிலையில் இருந்தால் எங்கள் ஊரில் வாசல் சுவரில் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைப்போம். அதைப் பார்த்தால் தபால்காரர்கூடப் பக்கக் கதவுக்குப் போய்விடுவார். பலகை இல்லையென்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம். யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை மதியம், ரோசேர் ஆலைக்குப் போயிருந்தபோது, அவர் சாய்த்து வைத்திருந்த பலகைகளை எடுத்து உள்ளே வைத்தேன். பட்டாணி சூப் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்று லிஸெட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்று அவளுக்கு விடுமுறை.

மணியை அடித்தாள். "ஜிசேல், கதவத் தொற. காது ஒறைஞ்சு போச்சு."

"வர்றேன், அங்கயே நில்லு," என்று மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தேன்.

கட்டி தானாகவே விழுந்திருக்கும், ஐயா. ஆனால் எப்போது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் மாடி ஜன்னலைத் திறந்து, பனி இழுக்கும் நீளக் கம்பால் இரண்டு முறை நெம்பினேன். இறங்கி வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னேன்.

ரோசேர் அந்தக் காலுறைகளை மருந்துக்கடையில் விலைக்கு வாங்கினார் என்று இப்போது சொல்கிறீர்கள். பெண்கள் சாமான் வாங்கியதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டாராம். கேட்டதும் என் மனசு குளிர்ந்துவிட்டது. நான்கு நாளாக அந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டேனே. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள்.

வரமாட்டாராமா? வெளியே உட்கார்ந்து அழுகிறாரா?

லிஸெட்டுக்காகவா? பார்த்தீர்களா, ஐயா, நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்திருக்கிறது.