நல்ல குணமுள்ள கத்தி

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இடது முன்கையில் முடி இருக்காது, ஐயா. கூர் பார்க்கிறோம் என்று ஆளாளுக்குக் கத்தியை அங்கேதான் இழுத்துப் பார்ப்போம். முடி சுத்தமாக வந்துவிட்டால் கூர் சரி. வேகாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு நிற்கிற ஒருவரைப் பார்த்தால் எங்கள் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். என் மனைவி என் கையைத் தடவிப் பார்த்து, "இது என்னங்க, பொரிச்ச கோழி மாதிரி" என்பாள்.

அவசரமில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் எதிலும் பதம் கெட்டுவிடும்.

நாங்கள் கத்திப் பைத்தியங்கள். கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. தபால்தலை சேர்க்கிறவர்கள் மாதிரி, புறா வளர்க்கிறவர்கள் மாதிரி ஒரு கூட்டம். டைல்ஸ் கடைக்காரரின் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். அவரவர் கையால் செய்த கத்திகளைப் பெஞ்சில் பரப்பிவைத்துப் பேசுவோம். கொஞ்ச காலமாக ஒரே பேச்சுதான், புது எஃகு. உருக்கிய இரும்பைப் பொடியாக்கி, அந்தப் பொடியை அழுத்திக் கட்டியாக்கிச் செய்வது. சுலபத்தில் துருப்பிடிக்காது, தீட்டிய கூர் மாதக்கணக்கில் நிற்கும் என்று ஊர் உலகமே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. எங்கள் கிடங்கிலும் அதனால் இரண்டு கட்சி. புதுசைக் கொண்டாடுகிறவர்கள் மாவுக் கட்சி. பழைய கரி எஃகை விடாதவர்கள் கரிக் கட்சி.

கரிக் கட்சிக்குத் தலைவர் ஓட்டல் சமையல்காரர். பழசு துருப்பிடிக்கிறதே என்று யாராவது சொன்னால், "குழந்தை அழுக்காச்சுன்னா குளிப்பாட்டணும். வேற குழந்தையா வாங்குவோம்?" என்பார். மாவுக் கட்சிக்குத் தலைவர் பல் டாக்டர். எங்கள் எல்லோரையும்விட இளையவர், சிரித்த முகம், யாரையும் நோகப் பேசாதவர். டாக்டர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் நான் அவரைப் பற்றி அவதூறு பேசியதாக யாரும் சொல்லக் கூடாது.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என் தொழில் உலை. கருவிப் பட்டறையில் அச்சுகளுக்குச் சூடு வைக்கிறவன். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சின்ன மின் உலையும் உண்டு. கூட்டத்தில் யார் கத்தி செய்தாலும், வடிவம் வெட்டி முடித்ததும் அது என்னிடம்தான் வரும். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகிவிடும். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடிதான், ஓங்கி அடித்தால் உடைந்துபோகும். மறுபடி மிதமான சூட்டில் வைத்தெடுத்தால்தான் அடி தாங்கும். அதை மறுசூடு என்போம். அது கூடிப்போனால் எஃகு இளகிக் கூர் மடங்கிவிடும். எந்த எஃகு என்பதெல்லாம் பாதிப் பேச்சு, மீதி என் உலையில் இருக்கிறது என்பது என் கட்சி. பிள்ளை எங்கே பிறந்தால் என்ன, எல்லாம் வளர்ப்பில்.

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய சோதனை வைப்போம். முதலில் தடித்த கயிற்றை அறுக்க வேண்டும். பிறகு கட்டையை வெட்ட வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் இறுக்கி வளைக்க வேண்டும். வளைக்கிறபோது துண்டு தெறிக்கலாம் என்பதால் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வோம். கயிற்றுக்கும் கட்டைக்கும் யாரும் போடுவதில்லை. அது ஆரம்பத்திலிருந்தே எங்கள் வழக்கம்.

போன வருஷம் நானும் ஒரு கத்தி கொண்டுபோனேன். பழைய கரி எஃகு, என் கையால் தீட்டியது. எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள் என்று மனைவியையும் அழைத்துப்போனேன். என் கத்தி பாதிக் கயிற்றிலேயே திணறியது. கூர் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. கயிற்றில் மண் இருக்கிறது என்றேன். மனைவி மெதுவாக, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வீட்டு ஆள். டாக்டர் என் கத்தியை எடுத்துத் தன் முன்கையில் இழுத்துப் பார்த்தார். ஒரு முடிகூட வரவில்லை. கத்தியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்:

"ரொம்ப நல்ல குணமுள்ள கத்திண்ணே இது. யாரையும் காயப்படுத்தாது."

கிடங்கே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். என்னோடு குடித்தனம் நடத்திய இத்தனை காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் சமையல்காரர், அந்த எஃகுத் துண்டு மட்டமாக இருந்திருக்கும், பாவம் என்று எனக்குப் பரிந்து பேசினார். டாக்டர் அதையும் விடவில்லை. "எஃகு மேல தப்பு இல்லண்ணே. மறுசூடு கொஞ்சம் ஜாஸ்தியாயிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும்" என்று என் தோளில் தட்டிக்கொடுத்தார். எல்லோர் முன்னாலும், என் தொழிலில், எனக்கு. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது இங்கே முக்கியமில்லை. உண்மைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லலாம், திறக்கக் கூடாது.

எனக்கு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள். அதன் பிறகு நான் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. டாக்டரைப் பார்த்தால் நானே முதலில் சிரித்தேன். வீட்டில் மனைவி எதற்காவது சிரித்தால் மட்டும் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

இந்த வருஷச் சோதனைக்கு டாக்டர் ஒரு கத்தி செய்தார். புது எஃகு, நீளமான அலகு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வேலை. துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "உங்க உலையை விட்டா எனக்கு வேற கதி ஏதுண்ணே" என்று என் கையில் கொடுத்தார். மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். போன வருஷம் சொன்னது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அலகை உலையில் வைத்தேன். பழுத்ததும் எடுத்து இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அழுத்திக் குளிரவைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை, மயிரிழைகூடக் கோணவில்லை. மறுசூடு வைக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான், ஐயா. சொல்லப்போனால் நான் எதையும் செய்யவில்லை, ஒன்றைச் செய்யாமல் விட்டேன். கத்தி உடையும், எல்லோரும் சிரிப்பார்கள், அவர் முகம் சிறுத்துப்போகும் என்பதுதான் என் கணக்கு. கண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

சோதனையன்று அந்தக் கத்தி கயிற்றை வெண்ணெய் மாதிரி அறுத்தது. கடினமாக இருந்தால் கூர் அப்படித்தான் இருக்கும். மாவுக் கட்சி கைதட்டியது. பிறகு கட்டை. மூன்றாவதோ நான்காவதோ வெட்டில் அலகு கட்டையில் மாட்டியது. அவர் குனிந்து அசைத்தார். சுள்ளி ஒடிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை. அந்தத் தன்மையை நான் மெச்சுகிறேன்.

அவரை ஏற்றிக்கொண்டு போன கார் தெருமுனை திரும்பும் முன்பே இங்கே விவாதம் ஆரம்பித்துவிட்டது. சமையல்காரர் உடைந்த அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மாவுன்னா உதிரத்தான் செய்யும்னு நான் அப்பவே சொல்லல?" என்றார். மாவுக் கட்சி, கட்டையில் கணு இருந்தது என்றது. வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் இந்தக் கத்தி கடைசியாக யார் கையில் இருந்தது என்று கேட்டிருக்கும். எங்கள் ஆட்கள் எந்த எஃகு என்றுதான் கேட்டார்கள். தரையில் ரத்தம் காயவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். டாக்டர் திரும்பி வந்தார். வலது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாதாம், அடுத்தவர் வாய்க்குள் கருவியை விட இனிமேல் துணியமாட்டேன் என்று கிளினிக்கை மூடிவிட்டார். கிடங்கில் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். இனிமேல் அந்த எஃகை இந்தக் கூரைக்குக் கீழே கொண்டுவரக் கூடாது என்றுகூட டைல்ஸ் கடைக்காரர் சொல்லிவிட்டார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எஃகு மேல பழி போடாதீங்க. சூட்டுலயும் தப்பு இருக்காது, அண்ணன் கை எனக்குத் தெரியும். மாட்டினப்ப நான்தான் முறுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் மனசு வருத்தப்படக் கூடாதாம். என் சூட்டைப் போல இந்த ஊரில் இல்லையாம்.

யோசித்துப் பாருங்கள், ஐயா. நான் பார்த்துப் பார்த்துச் செய்த கத்தியில் குற்றம் கண்டுபிடித்த மனிதர், நான் வேண்டுமென்றே கெடுத்த கத்திக்கு நற்சான்று கொடுக்கிறார். சூட்டைப் பற்றி இவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. இந்த ஆள் பேச்சைக் கேட்டா போன வருஷம் ஒரு கிடங்கே சிரித்தது? போதாததற்கு என்னை மன்னிக்கிறார். என்னிடம் கேட்காமல், என்ன செய்தேன் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல். கூட்டம் முழுக்க அவரைக் கும்பிடாத குறைதான். சமையல்காரர் அழுதார். நான் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். துக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"கட்டை வெட்டும்போதே நீங்க மட்டும் கண்ணாடி போட்டிருந்தீங்க. என்னையும் தூணுக்குப் பின்னாடி இழுத்து நிக்க வச்சீங்க. ஏங்க?"

பழக்கதோஷம் என்றேன். அவள் மடித்த துணிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்துப் பையில் வைத்தாள். இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். கோபம் ஆறினால் வந்துவிடுவாள். கண்ணாடி விஷயம் நிஜமாகவே பழக்கதோஷம்தான், உலைக்காரன் கண்ணுக்குப் பயப்படுவது இயல்பு. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னை யாரும் சந்தேகப்படவும் இல்லை. நானாகத்தான் வந்தேன், தவளை தன் வாயால் கெடும் என்பது தெரிந்தேதான் வந்தேன். செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உடைந்த அலகு சமையல்காரரிடம் இருக்கிறது. எங்கள் பட்டறையில் கடினம் அளக்கிற இயந்திரம் இருக்கிறது. அளக்கிறபோது டாக்டரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். என்னையும் கூட்டிப்போங்கள், விலங்கோடு வந்தாலும் பரவாயில்லை. முள் எங்கே போய் நிற்கிறது என்று நீங்கள் யாரும் அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டாம். என் உலை என்ன செய்யும் என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். ஒன்று இன்னும் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொன்னார்கள்.