நிஸாருக்கு ஒரு பார்சல்

— கத்தரிக்கோல் இந்தாங்க மப்ரூக்காம்மா. பிரிச்சுத்தான் ஆகணும்.

— இப்பத்தான்டா தச்சு முடிச்சேன், ஹம்மாதி. ஒவ்வொரு தடவையும் உனக்கு இதே வேலை.

— உங்களுக்கும் இதே வேலைதான். தபால் ஆபீஸ்ல நாங்க திறந்து பார்த்த பிறகு தைங்கன்னு எத்தனை தரம் சொல்றது? நம்ம ஸர்ஸீஸ் ஊர் அம்மாக்கள் ஒருத்தர் விடாம வீட்லயே மூட்டையைத் தச்சுக்கிட்டு வர்றீங்க. உங்க தையலைப் பிரிக்கிற நேரத்துல இத்தாலிக்கு நீந்தியே போயிடலாம்.

— நீந்துறதைப் பத்தி என்கிட்ட பேசாத.

— ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. நாக்கு புரண்டுடுச்சு. சரி, என்ன இருக்கு பார்ப்போம். மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய் டின், கம்பளிச் சட்டை, வறுத்து அரைச்ச பிஸீஸா மாவு டப்பா. நிஸாருக்கு அங்க குளிராமா?

— குளிருதுன்னு மெசேஜ் வந்துச்சு.

— குரல் கேட்டீங்களா?

— போன்ல மைக் போயிடுச்சாம். படகு ஏறினதிலேர்ந்தே போயிருக்கு.

— கொஞ்சம் கிட்ட வாங்கம்மா. வரிசையில நிக்கிறவங்க காதுல விழ வேண்டாம். முன்ன ஒரு தடவை சட்டை ஓரத்துல உங்க கல்யாண வளையல் இருந்துச்சு. தடவிப் பார்த்தேன், வெளியில சொல்லல.

— அங்க தங்குறதுக்குப் பேப்பர் வாங்கித் தர்ற வக்கீலுக்குக் கொடுக்கணும்னு கேட்டிருந்தான்.

— சாத்லியாம்மா சங்கிலி அனுப்பினாங்க. அதுவும் வக்கீலுக்குத்தான். அவங்க பையன் வலீதுக்கும் போன்ல மைக் போயிடுச்சாம். விலாசமும் இதே விலாசம்.

— ஒரே படகுல போன பசங்க. ஒரே வீட்ல இருக்காங்களோ என்னவோ.

— எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. எங்க மச்சான் வலை போடப் போனான்ல, அந்தப் படகுப் பலகையை நடுக்கடல்ல பார்த்தானாம். நீலப் பெயின்ட். அது கரை சேரலம்மா. ஒருத்தரும் சேரல.

— தெரியும்.

— என்னது?

— தெரியும்டா. படகு ஏத்துறப்போ பசங்க போனை எல்லாம் திருட்டுத்தனமா கடல் தாண்டி அனுப்புற அந்த ஏஜென்ட் வாங்கிப் பையில போட்டுக்குவான். வேற வழியா அனுப்பி அக்கரையில தர்றேம்பான். சிக்னலை வச்சுப் போலீஸ் பிடிச்சிடும்னு பயம். என் பையன் போன் மட்டும் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கு. அக்கரையில இருக்கிற அவன் கூட்டாளி அதுல எனக்கு "அம்மா"ன்னு எழுதுறான்.

— எப்படி இவ்வளவு உறுதியா...

— நிஸாருக்கு வெந்தயம் ஆகாது. சின்னப் பையனா இருந்தப்போ வெந்தயம் போட்ட பிஸீஸா ஒரு கரண்டி தின்னுட்டு முகம் வீங்கி, மூச்சு நின்னு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அதுக்கப்புறம் எங்க வீட்டு மாவுல வெந்தயமே கிடையாது. போன தடவை வேணும்னே கைநிறைய அள்ளிப் போட்டு அனுப்பினேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா?

— என்ன?

— "உன் கைமணம் அப்படியே இருக்கும்மா. முழுசா நானே தின்னுட்டேன். இன்னும் அனுப்பு."

— யா ரப்பி!

— அன்னிக்குத்தான் என் பிள்ளை செத்தான், ஹம்மாதி. கடல்ல இல்ல. அந்த மெசேஜ்ல.

— போலீஸ்ல சொன்னீங்களா?

— சொன்னேன். மெசேஜ் எழுதுறவன் இத்தாலியில இருக்கான், நாங்க இங்க இருக்கோம், என்ன செய்யச் சொல்றீங்கன்னான். சாத்லியாகிட்ட மட்டும் வாயைத் திறக்காத. அவ இன்னும் வலீதுக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்கா.

— அப்புறம் ஏன்மா மறுபடியும் அனுப்புறீங்க? அந்த நாய்க்கு ஏன் வறுத்து, அரைச்சு, கை வலிக்க...

— கேட்டானே. அம்மான்னு கேட்டானே.

— உங்க மனசு யாருக்கும் வராதும்மா. நானா இருந்தா மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன். சரி, அழாதீங்க. டப்பாவைத் திறந்தாச்சு, ஒரு வாய் தின்னாம மூடினா ஆகாதும்பா எங்கம்மா. நிஸார் பேரைச் சொல்லி ஒரு விரல் எடுத்துக்கிறேன்...

— கையை எடு, ஹம்மாதி. உனக்குக் குழந்தைங்க இருக்கு.