காஜா முகைதீனுக்கு வைத்த பிளக்ஸ்

— மொதல்ல அந்த பிளக்ஸைக் கழட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. பொறவு உக்காருதேன்.

— யம்மா, எம்எல்ஏ ஆபீஸுக்குள்ள வந்து இப்படியா சத்தம் போடுவாவ? எத்தனை பேரு மனுவோட உக்காந்திருக்காவ பாருங்க. என்ன பிளக்ஸு?

— பஸ் ஸ்டாண்டு வாசல்ல தொங்குதே, உங்க எம்எல்ஏ கையைக் கூப்பிக்கிட்டு! 'காஜா முகைதீன் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்'னு. நான் அவுக பொண்டாட்டி நஃபீஸத்.

— அடடா. மனசைத் தேத்திக்கோங்க தாயி. அரபு நாட்டுல போயி இப்படி…

— வாயைக் கழுவுங்க! எங்க மாப்பிள்ளை உசுரோட இருக்காவ!

— என்னது?

— தம்மாம் ஆஸ்பத்திரியில கெடக்காவ. சாரத்துல இருந்து விழுந்து காலு முறிஞ்சு, புண்ணு சீழ் கட்டிப் போச்சு. கம்பெனிக்காரன் ஆபரேஷனுக்கும் கையெழுத்துப் போடமாட்டேங்கான், ஊருக்கும் விடமாட்டேங்கான். எம்பசி ஒரு வார்த்தை கேட்டா பயப்படுவான், எம்எல்ஏ லெட்டர் வாங்கி அனுப்புங்கன்னு கூட இருக்க ரசீத் காக்கா சொன்னாவ. அதுக்குத்தானே போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து அழுதேன்? நீங்கதானே கேட்டு எழுதிக்கிட்டீய, கார்த்திகேசன் அண்ணாச்சி?

— அன்னைக்கே அனுப்பியாச்சே தாயி. முறைப்படி எம்பசிக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு.

— என்னன்னு எழுதி அனுப்புனீய?

— அது வந்து…

— வாயைத் தொறந்து சொல்லுங்க.

— 'அன்னாரின் உடலைத் தாயகம் கொண்டுவர ஆவன செய்யுமாறு'…

— உடலை! அல்லாவே, உடலை!

— பதறாதீய. அரபு நாட்டுல இருந்து இங்கன வாரது எல்லாம் மய்யித்தைக் கொண்டுவரச் சொல்லுத கேஸுதான். அதனால லெட்டரு கம்ப்யூட்டர்ல ரெடியா கெடக்கும். பேரையும் பாஸ்போர்ட் நம்பரையும் மட்டும் மாத்துவோம். அந்த லெட்டர் காப்பி என்னைக்குக் கையில கெடைக்கோ, அன்னைக்கே கட்சிக்காரப் பயலுவ பிளக்ஸ் அடிச்சிருவானுவ. முறையா அப்படியே நடந்து வருது.

— நல்லாருக்கு உங்க முறை! எம்பசிக்காரவ பிணவறையில போயித் தேடுனாவன்னு ரசீத் காக்கா சொன்னது இப்பத்தானே வெளங்குது. இந்தப் பேருல பிணமே இல்லைன்னு மனுவை முடிச்சுட்டாவ. மேல் மாடியில மனுஷன் வலி தாங்காமக் கத்துதாவ, இவுக கீழ பொட்டியைத் தொறந்து பாத்திருக்காவ!

— தாயி, பைய…

— என்னத்த பைய? பாளையங்கோட்டை காலேஜுல படிக்க எம் மவ அர்ஷியா, பஸ்ஸை விட்டு எறங்கி வாப்பா படத்தைப் பாத்து ரோட்டுலயே விழுந்துட்டா. தெருவே மவுத்துன்னு துக்கம் விசாரிக்க வந்துட்டு. புருசன் போனவ வாசல் தாண்டாம இத்தாவுல இருக்காம எங்க கெளம்பிட்டேன்னு எங்க சாச்சி கதவை மறிக்காவ. எங்க மாப்பிள்ளை பேசி அனுப்புனதை போன்ல போட்டுக் காட்டிட்டுத்தான் வாசப்படி தாண்டுனேன். உசுரோட இருக்க மனுஷனுக்கு நான் ருசு காட்டணுமா?

— தப்புதான் தாயி. என் தப்புதான். இந்தா, இப்பவே புதுசா அடிக்கேன், நீங்களே பாருங்க. 'உயிருடன் சிகிச்சை பெற்று வரும் காஜா முகைதீனுக்கு'… சரிதானா? எம்எல்ஏவை விட்டு எம்பசிக்கு போனும் போடச் சொல்லுதேன்.

— எங் கண்ணு முன்னால போடணும். அதுவரைக்கும் இந்த எடத்தை விட்டு நகரமாட்டேன்.

— உங்க போன் அடிக்குது பாருங்க.

— ரசீத் காக்காவாத்தான் இருக்கும். நீங்களே எடுங்க. நீங்க செஞ்ச வேலையை உங்க வாயாலயே அவுகளுக்குச் சொல்லுங்க.

— ஹலோ… ஆமா, எம்எல்ஏ ஆபீஸ்ல இருந்து கார்த்திகேசன் பேசுதேன். அவங்க இங்கனதான் இருக்காவ. லெட்டரைத்தான் மாத்தி அடிச்சுக்கிட்டிருக்கேன்… என்ன?… எப்போ?… ம்…

— என்னவாம்? ஏன் கையை எடுத்துட்டீய? அடிங்க அண்ணாச்சி!

— தாயி… மாத்த வேண்டாம்ங்காரு. பழைய லெட்டரே போதுமாம்.