உறை பிரிக்காத பிரஷ்

மார்ச் 14, வியாழன்.

இன்றைய தவறு: குழந்தையின் பல் தேய்க்கும் பிரஷ்ஷை உறை பிரிக்காமல் வைத்திருந்தேன்.

மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா மகள் பொடிசின் செருப்பு வாசலில் இருந்தது. அவளுடைய சின்னப் போர்வை என் கட்டிலில். அலமாரிக் கதவில் அவள் கிறுக்கிய படம். அந்தப் பெரிய பள்ளி தன்னைச் சுற்றியுள்ள சில தெருக்களில் வசிக்கும் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். என் அறை அந்தத் தெருக்களுக்குள் வருகிறது, அக்கா வீடு வராது. அதனால் குழந்தை என்னோடு இருப்பதாக மாமா பள்ளிக்குச் சொல்லியிருந்தார். இன்று காலை சரிபார்க்கப் பள்ளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். என் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன பிரஷ், கடையில் வாங்கிய அட்டையும் பிளாஸ்டிக்குமாக, நேராக நின்றது. "பாப்பா எத்தனை நாளா பல்லு தேய்க்கலை?" என்று கேட்டார். நான் அட்டையில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். குழந்தை வந்தால் அவளே பிரிக்கட்டும், அதுவரை தூசி படாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அது ஒரு காரணமா என்று தெரியவில்லை.

மாலை, கட்டட வரைபட வகுப்பில், பகலில் பஸ் ஓட்டிவிட்டுப் படிக்க வருகிற ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். நான் பேசியதை மட்டும் எழுதுகிறேன். அவள் சொன்னதை எழுதக் கை வரவில்லை. பகலில் லிஃப்ட் கம்பெனியில் என் வேலையும் இதுதான்: நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் இருந்து கூப்பிடுகிறவர்களோடு பேசுவது, வெளியே எடுத்த பிறகு நான் சொன்னதை எழுதி வைத்து எங்கே தவறினேன் என்று பார்ப்பது.

ஹலோ... அக்கா?... வகுப்புல இருக்கேன், சொல்லு... என்ன சத்தம் அது? ஏதோ இடிக்கிற மாதிரி... மெதுவா, அக்கா, மெதுவா. அழுதுக்கிட்டே பேசினா ஒண்ணும் புரியலை... பாத்ரூம்லயா?... நீயும் பொடிசுமா?... யாரு இடிக்கிறது?... மாமாவா?

இரு. இரு, வராந்தாவுக்கு வந்துக்கறேன்... ஆங், சொல்லு.

ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சா... ஆமா... ஆமா, காலையில அந்தம்மா வந்தாங்க... இடம் இல்லைன்னுட்டாங்களா... ம்... ம்... நீ வேணும்னே கெடுத்தேன்னா?... நீயும் நானும் பேசி வச்சுக்கிட்டா?... ஐயோ அக்கா, அது வந்து...

சரி, அது அப்புறம். முதல்ல கேக்கறதுக்குப் பதில் சொல்லு. தாழ்ப்பாள் போட்டிருக்கியா?... மேல மட்டுமா, கீழயும் இருக்கா?... மேல மட்டும். சரி. யாருக்கு அடி?... உனக்கு எங்கே?... மணிக்கட்டு. எப்படி?... கதவு இடுக்குல... உன் கை இருக்கறப்பவே கதவைச் சாத்தினாரா?... விரலை அசைக்க முடியுதா... வேண்டாம், வேண்டாம், விட்டுடு, அசைக்காதே. ரத்தம்?... காதுலேருந்தா?... எதால?... கையாலயேதான்... சரி... பொடிசுக்கு?... ஸ்கேலாலயா? இன்னிக்கா?... முதுகுல...

...

இருக்கேன். இருக்கேன் அக்கா, லைன்லதான் இருக்கேன்.

ஆமா, ஆபீஸ் மாதிரிதான் பேசறேன். அப்படிப் பேசினாத்தான் எனக்கு வாய் குளறாது. திட்டறதை நாளைக்குத் திட்டு. இப்ப கதவை விட்டுத் தள்ளி வா. சாயாதே. கதவுக்கு முதுகைக் குடுக்காதே, உடைஞ்சா உன் மேலதான் விழும்... வாஷிங் மெஷின் உள்ளதானே இருக்கு?... ஒரு கையால முடியாதுதான். இடுப்பால தள்ளு. சுவத்துல காலை ஊனிக்கோ... குழாய் பிடுங்கிக்கிட்டு வந்தா வரட்டும்... தண்ணி கொட்டினாக் கொட்டட்டும், அக்கா, நாளைக்கு நீயா துடைக்கப் போறே?... நகருதா?... இன்னும்... கதவோட ஒட்டிடுச்சா?... சபாஷ்.

எதால இடிக்கிறாரு?... சுத்தியலா. எந்தச் சுத்தியல், கரும்பலகை மாட்ட வாங்கினாரே, அதுவா?... ம். பொடிசுக்கு வீட்லயே பாடம் நடத்தன்னு மாட்டின கரும்பலகை... பக்கத்து வீட்ல யாரும் இல்லையா?... டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டாங்களா. நல்ல மனுஷங்க.

சார்... சார், நீங்கதான், பஸ் ஓட்டறவரே! உங்க போனைக் கொஞ்சம் எடுங்க. போலீஸுக்குப் போடுங்க. எங்க அக்காவை வீட்டுக்குள்ள வச்சு அடிக்கிறாங்க. விலாசம் இதோ, இந்தத் தாள்ல எழுதறேன்... பரவாயில்லை, வரைபடம் போனாப் போகுது. குழந்தையும் உள்ள இருக்குன்னு சொல்லுங்க. சுத்தியல் வச்சிருக்காருன்னு சொல்லுங்க.

இல்லை, உன்கிட்ட இல்லை... ஆமா, போலீஸ்தான்... மானம் போயிடுமா? யாரு மானம்?... அக்கா, காதுலேருந்து ரத்தம் வருதுன்னு நீதான் இப்ப சொன்னே!

பொடிசுகிட்ட போனைக் குடு... குடு, சொல்றேன்... பொடிசு? சித்திடா... ஆமா, எனக்கும் கேக்குது, பெரிய சத்தம்தான்... இல்லைடா. நீ தப்பாப் பதில் சொன்னதால இல்லை... நீ ஒரு தப்பும் பண்ணலை... வண்ணத்துப்பூச்சிக்கு எத்தனை கால்னு தெரியாட்டா என்ன, எனக்கே தெரியாது... ஆறா? பாரு, தெரிஞ்சிருக்கே உனக்கு... அப்பா கேட்டப்ப மறந்துடுச்சா. அடி விழும்னு தெரிஞ்சா எனக்கு என் பேரே மறந்துடும். இப்ப ஒரு வேலை செய்யணும் நீ. சுவத்துல பூப்போட்ட டைல்ஸ் இருக்கில்ல? மூலையில உக்காந்து ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணு. சத்தமா எண்ணு... நடுவுல மறந்தா மறுபடியும் ஒண்ணுலேருந்து. யாரும் அடிக்க மாட்டாங்க.

அக்கா?... எண்ணறாளா?... ம், கேக்குது.

என்ன கத்தறாரு?... யூனிஃபார்மா? சேர்க்கறதுக்கு முன்னாடியே தச்சு மாட்டி வச்சாரே, அதுவா?... இப்ப போட்டுக்கிட்டு வெளியில வரணுமா பொடிசு?... வந்து?... அந்தம்மா வீட்டு வாசல்ல நின்னு அழணுமா?... ம்... இடம் கிடைச்சாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரா... ம்... முதலாளி பிள்ளை படிக்கிற ஸ்கூல்... தெரியும், தெரியும், நூறு தடவை கேட்டாச்சு... தெருமுனை ஸ்கூல்ல சேர்த்தா எப்படி வெளியில தலைகாட்டறதுன்னா? சுத்தியலும் கையுமா நிக்கிறாரே, அது நல்லா இருக்கா தலைகாட்ட?

என்ன அது?... அக்கா, என்ன உடைஞ்சது?... பலகை விரிஞ்சிடுச்சா... சுத்தியல் தலை உள்ள தெரியுதா... தள்ளி வா. கிட்டப் போகாதே. மெஷின் மேல உக்காராதே, இறங்கு... இறங்குடி, எருமை! மன்னிச்சுக்கோ... இறங்கு.

சார், என்ன சொன்னாங்க?... வண்டி வேற இடத்துல இருக்கா... எப்ப வருமாம்?... அதுக்குள்ள கதவு தாங்காது சார்.

...

அக்கா. ஸ்பீக்கர்ல போடு. நான் அவர்கிட்டப் பேசறேன்... போடுன்னாப் போடு. போட்டுட்டுப் பொடிசுகிட்டப் போ... போட்டுட்டியா?

மாமா! மாமா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க! நான்தான், லிஃப்ட்டு... ஆமா, நீங்க பேரு வச்ச மாதிரி, மேலயும் போகாம கீழயும் போகாம நிக்கிற அதே லிஃப்ட்டுதான். சொல்றதைக் கேளுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. கெடுத்தது நான்... பிரஷ், மாமா. பொடிசு பிரஷ்ஷை நான் பிரிக்கவே இல்லை. அந்தம்மா அதைப் பாத்துட்டாங்க... ஆமா, அவ்வளவுதான். அதுலதான் மாட்டிக்கிட்டோம். அக்கா மேல... மாமா, இடிக்காதீங்க! இடிக்காதீங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்ல!

மறதின்னா சொன்னேன்? மறதி இல்லை. வேணும்னேதான் பண்ணேன்... ஆமா, காது நல்லாத்தான் கேக்குது உங்களுக்கு. வேணும்னேதான்... ஏனா? அந்த ஸ்கூல்ல அவ சேரக் கூடாதுன்னுதான். முதுகுல ஸ்கேல் தடத்தோட ஒரு குழந்தை எந்த ஸ்கூலுக்கும் போகக் கூடாதுன்னுதான்... கத்துங்க... இன்னும் கத்துங்க... அக்காவுக்குத் தெரிஞ்சா விட்டிருப்பாளா? அதான் சொல்லலை... என் காலை உடைப்பீங்களா? உடைங்க... எங்கேயா? ரூம்லதான் இருக்கேன்... இன்னிக்கு வகுப்பு இல்லை... தனியாத்தான். அந்த பிரஷ்ஷும் அப்படியே இருக்கு, வந்து உங்க கையாலயே பிரிங்க... நானா பயந்தாங்கொள்ளி? பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்கிற பொம்பளைகிட்டயும் குழந்தைகிட்டயும் காட்டறதுக்குப் பேரு என்ன மாமா, வீரமா?... வாங்க. வாங்கன்னுதானே சொல்றேன்...

...

...அக்கா? நின்னுடுச்சா?... சாவி எடுக்கற சத்தமா... திறக்காதே. மூச்சு விடாதே. போற மாதிரி போக்குக் காட்டிட்டு வாசல்லயே நிப்பாரு. பைக் சத்தம் கேக்கட்டும்... மேல சின்ன ஜன்னல் இருக்கில்ல? வாளியைக் கவுத்துப் போட்டு ஏறிப் பாரு. நல்ல கையால பிடிச்சுக்கோ... தெரியுதா?... பைக்கை எடுத்துட்டாரா... சுத்தியல்?... கையோடயா. சரி. நல்லது. அங்க இருந்து போனாச் சரி.

சார், மறுபடியும் போடுங்க. விலாசம் மாத்திச் சொல்லணும். என் ரூமுக்கு வரச் சொல்லுங்க, ஸ்டேஷனுக்கு எதிர்த்த தெரு, நடந்தே வந்துடலாம்... அங்க யாரும் இல்லை சார், நான்தான் இங்க நிக்கிறேனே! பூட்டின கதவு. வந்து அதைத்தான் உடைப்பாரு. உடைக்கட்டும்.

அக்கா, இப்ப மெஷினை நகத்து. வந்த மாதிரியே, இடுப்பால... வெளியில வா... செருப்பு வேண்டாம். பை வேண்டாம். எதையும் எடுக்காதே... யூனிஃபார்ம் தரையில கிடந்தா மிதிச்சுக்கிட்டு வா... படியில இறங்கு. லிஃப்ட்ல ஏறாதே... நான் சொல்றேன், லிஃப்ட் கம்பெனிக்காரியே சொல்றேன், படியில இறங்கு. கீழ டெய்லரம்மா கடை திறந்திருக்கும். உள்ள போய் ஷட்டரை இறக்கச் சொல்லு. நான் வந்துடறேன், பஸ்காரர் கூட்டிட்டு வர்றேன்கிறாரு... பஸ்ல இல்லை, அவரோட ஸ்கூட்டர்ல.

நானா? வகுப்பு வராந்தாவுலதான் நிக்கிறேன்... ஆமா, பொய்தான் சொன்னேன்... எனக்கே தெரியலை அக்கா. காலையில அந்தம்மா முன்னாடி நின்னப்ப ஒரு பொய்கூட வாயில வரலை.

பொடிசு இன்னும் எண்ணறாளா?... போதும்னு சொல்லு. இல்லை, வேண்டாம், எண்ணட்டும். படியை எண்ணிக்கிட்டே இறங்கட்டும்... பிடியை விடாதே... அக்கா?... யாரு அது? கீழ யாரு நிக்கிறது?... அக்கா, யாரு குரல் அது? அக்கா...

இணைப்பு அங்கே அறுந்தது.

கீழே நின்றது டெய்லரம்மாதான். சத்தம் கேட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு படியேறி வந்திருக்கிறார். ஒரு கையால் குழந்தையையும் போனையும் பிடிக்க முடியாமல் அக்கா போனைத் தவறவிட்டிருக்கிறாள். மாமா என் அறைக் கதவை உடைத்து உள்ளே போய்விட்டார். கட்டிலைக் கவிழ்த்து, கண்ணாடியை உடைத்து, என் வரைபலகையை இரண்டாக்கிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். அதை அவர்கள்தான் சொன்னார்கள்.

இதை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அக்காவின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். போலீஸை இன்னும் முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். அக்காவை எருமை என்று சொல்லியிருக்கக் கூடாது. "வேணும்னேதான் பண்ணேன்" என்று சொன்ன இடத்தில் வெகுநேரம் நின்றேன். மாமாவை அங்கிருந்து கிளப்பத்தான் அப்படிச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை என் அறையில் பொடிசுக்குச் சட்டை மாற்றிவிட்டபோது அவள் முதுகைப் பார்த்திருந்தேன். பிரஷ்ஷை வாங்கியது அதற்கு அடுத்த நாள். அந்த வாக்கியத்தில் எவ்வளவு பொய் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு எதிரே திருத்தம் எதுவும் எழுதவில்லை.

பொடிசு என் தோளில் சாய்ந்திருக்கிறாள். வெறுங்கால்.

"சித்தி, நான் இப்ப எந்த ஸ்கூலுக்குப் போகணும்?"

"தெரியலைடா. பாப்போம்."

"உன் வீட்ல என் பிரஷ் இருக்கா?"

"இருக்கு. நீதான் பிரிக்கணும்."

நாளைய வேலை: அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கிப் பொருத்துவது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு.