சரி என்ற சொல்லுக்குக் காத்திராதவள்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, என் மகளின் மாணவர்களே, வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். இந்தக் கூட்டம்தான் என்று நினைத்து, பக்கத்து அறையில் நடந்த வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறேன். ஒரு பிள்ளை டிஷ்யூ கொடுத்தது. பாடம் அவ்வளவு கடினம் என்று நினைத்திருக்கும்.

நான் லோர்ன் டெவ்லின். ஒட்டாவாவுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஆர்ன்பிரையரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். பத்தாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டது. எனக்கா இப்படி ஒரு மகள்! முனைவர் ரோனா டெவ்லின்!

ஒளியில் தகவல் அனுப்புவதுதான் அவள் ஆராய்ச்சி. முதல்முறை நான் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, உன் ஒளியைக் காட்டு என்றேன். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியாம். கண்ணுக்குத் தெரியாததை நம்பித்தானே ஞாயிறுதோறும் மாதாகோயிலுக்குப் போகிறேன்?

அந்த ஒளியில் தகவல் மூட்டை மூட்டையாகப் போகிறது. நெரிசல் என்றால் பிரேக் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். பேருந்து ஓட்டியவன் வேறென்ன கேட்பான்?

"ஒளிக்குப் பிரேக் கிடையாதுப்பா. கிளம்பினா கிளம்பினதுதான்."

அதனால் முன்னால் ஒரு சின்னச் சேதி ஓடும்: பின்னால் மூட்டை வருகிறது, வழி விடு. வழியிலுள்ள சந்திப்புகள் அதைக் கேட்டுப் பாதையைத் திறந்துவைக்கும். மூட்டையோ, சரி என்ற பதிலுக்குக் காத்திராமல் புறப்பட்டுவிடும். ரோனாவும் அப்படித்தான்! வெள்ளிதோறும் ஒட்டாவாவிலிருந்து போன் வரும். "அப்பா, கிளம்பிட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

சரி சொல்லக்கூட விடமாட்டேன் என்கிறாயே என்று ஒருநாள் குறைப்பட்டேன்.

"நீங்க வானிலை அறிக்கை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் வந்தே சேர்ந்துடுவேன். வண்டியை நகர்த்தி இடம் விடுங்க, போதும்."

உடனே என் பிக்கப் வண்டியைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, வாசலில் அவள் காருக்கு இடம் விடுவேன். அவள் அம்மா போன பிறகு, எனக்கு வாரம் என்றால் அந்த ஒரு போன்தான்.

அவளுக்கு மட்டும் யார் இருந்தார்கள்? நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. கூட ஆராய்ந்தவர்கள், இது ஆகிற காரியமில்லை என்று வேறு வேலைக்குப் போனார்கள். ஆறு மேசை போட்ட அறையில் அவளும் அவள் மாணவன் எத்தியெனும்தான் மிச்சம். மூட்டைகள் மோதித் தொலையாமலிருக்க வழி தேடி அங்கேயே கிடந்தாள். விட்டாளா? விடவில்லை!

சென்ற மாதம் ஒரு வெள்ளியன்றும் அந்த போன் வந்தது. நெடுஞ்சாலையில் உறைபனி. கார் சறுக்கியது. என் மகள் வந்து சேரவில்லை.

அந்த வேலையைத் தான் தொடர்வதாக எத்தியென் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான். என் பங்குக்கு நானும் ஓர் உறுதி தருகிறேன். வெள்ளிதோறும் டோனட் பெட்டியோடு வந்து, காலி மேசை ஒன்றில் உட்கார்ந்திருப்பேன். எதையும் தொடமாட்டேன். நன்றி.

இவ்வளவுதான் பேசினேன். ஒன்றைச் சொல்லவில்லை. வழியைத் திறந்துவைத்த பிறகு மூட்டை வராமலே போனால் என்ன ஆகும் என்று முன்பொரு நாள் அவளைக் கேட்டிருக்கிறேன்.

"கொஞ்ச நேரம் பார்த்துட்டு வழியை மூடிடும்ப்பா. அடுத்ததுக்கு வேணுமில்ல?"

என் பிக்கப் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.