அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கம்ப்யூட்டர்

“கம்ப்யூட்டரையும் பாகம் வைக்கணும் மக்கா.”

சுசீந்திரம் தாண்டிய பேருந்தில், முன் இருக்கையின் ஜன்னலோரத்து ஆள் சொன்னார். பக்கத்தில் அவருடைய கூட்டுக்காரர், அதாவது நண்பர்.

“அத எப்பிடிலே வைக்க?”

“விண்டோஸ் அண்ணனுக்கு இருக்கட்டும். அதே மாதிரி லினக்ஸ்னு இன்னொண்ணு இருக்காம், அத அதே கம்ப்யூட்டர்ல எனக்குத் தனியா போட்டுத் தாறேன்னு கடைக்காரன் சொல்லுகான். ஆன் பண்ணுனா எது வேணும்னு கேக்குமாம்.”

“நல்லதுதானே. போடு.”

“ஒண்ணும் சொல்லாம இருந்தா, கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவே அண்ணனுக்க விண்டோஸத் தொறந்துருமாம்.”

கூட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“சொத்து பாகம் வச்ச அன்னைக்கும் நீ வாயத் தொறக்கல. தோப்பு அப்பிடித்தானே அண்ணனுக்குப் போச்சு?”

“அதான் மக்கா யோசிக்கேன்.”